ஒஸ்ரின் ஏ40 வெறும் தகரமா? டெவன், சோமசெற் பற்றி

கேள்வி: இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வந்த பிரித்தானியக் குடும்பக் கார்களில் உண்மையாகவே புதிதாகச் செய்தது மொறிஸ் மைனர் ஒன்றுதான். மற்றதெல்லாம் பழைய வண்டிக்கு அமெரிக்கச் சட்டை போட்டது. அதில் மோசம் ஒஸ்ரின் ஏ40. பாரம் கூட, வேகம் இல்லை, வளைவில் ஆடும். இதைப் போய் ஏன் இன்னும் கொண்டாடுகிறீர்கள்?

9 பெப்ரவரி 2018

பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு மைனர் வந்தபோது உள்ளே இருந்தது 918 சிசி சைட்வால்வ் என்ஜின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய வகை. போருக்கு முன்பே மொறிஸ் எய்ற் காரில் ஓடிக்கொண்டிருந்தது. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதற்குப் புதிய என்ஜின் ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார். படுத்த நிலையில் நான்கு சிலிண்டர், அதற்காகவே அகலமான பொனெற். அது உற்பத்திக்கு வரவில்லை. பழையது உள்ளே போனது.

ஏ40 அதற்கு ஒரு வருடம் முன்பே, 1947 ஒக்ரோபரில் வெளிவந்துவிட்டது. 1200 சிசி, வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, 40 குதிரைவலு. பெயரில் இருக்கிற 40 அதுதான். முன்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருள்வில்லில் நின்றன. நான்கு கதவு வைத்தது டெவன், இரண்டு கதவு டோர்செற்.

1952-ல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகி பி.எம்.சி என்ற ஒரே கம்பனி ஆயின. அதன்பிறகு மைனருக்குள் என்ன என்ஜின் வைத்தார்கள்? ஒஸ்ரின் ஏ30 காரின் 803 சிசி என்ஜின். மைனரின் உடம்பு புதிது, இதயம் பழையது. அந்த இதயத்தை மாற்றக் கடைசியில் ஒஸ்ரினிடம்தான் வரவேண்டியிருந்தது. "புதிது மைனர் ஒன்றுதான்" என்று சொல்லுமுன் இதைக் கணக்கில் எடுங்கள்.

9 பெப்ரவரி 2018, இரவு

மைனருக்குரியதை மைனருக்குக் கொடுக்க வேண்டும். தனிச் சேஸிஸ் இல்லாமல் உடம்பே சட்டமாக நிற்பது, முன்னால் சுருள்வில்லுக்குப் பதில் முறுக்குக் கம்பி, பற்சக்கரமும் பற்சட்டமுமான ராக் அன்ட் பினியன் ஸ்ரியறிங். இவை மூன்றும் ஒரு சின்னக் குடும்பக் காரில் சேர்ந்து வந்தது பெரிய விசயம். வளைவில் மைனரை ஓட்டுகிற சுகம் ஏ40-ல் கிடையாது. என்னிடம் இருப்பது டெவனுக்குப் பின் வந்த ஏ40, 1953 சோமசெற். ஐம்பது மைல் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் ஸ்ரியறிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே போகவேண்டும். மோட்டார்வேயில் ஒரு பெரிய லொறி கடக்கும்போது இரண்டு கையும் இறுகிவிடும்.

ஆனால் ஆடுகிறது என்பதால் தகரம் ஆகிவிடாது.

12 பெப்ரவரி 2018

டெவனின் பிறேக் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். முன்சில்லுக்கு எண்ணெய், பின்சில்லுக்கு இரும்புக் கம்பி. பாதி நவீனம், பாதி கட்டைவண்டி என்று எழுதியிருந்தார். அமைப்பு அவர் சொன்னதுதான், முடிவை ஏற்கமாட்டேன்.

கிர்லிங் நிறுவனத்தின் அந்த முறை அப்போது பல பிரித்தானியக் கார்களில் இருந்தது. எண்ணெய்ப் பிறேக்கின் ரப்பர்களைச் சாதாரண மனிதர்கள் அவ்வளவாக நம்பாத காலம். கம்பி ஒழுகாது. கம்பி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எந்த ஊர்க் கொல்லனும் மூட்டுக்குப் புதிய ஊசி அடித்துக் கொடுப்பான். கைப்பிறேக்கும் அதே கம்பியில்தான் வேலை செய்யும். குறை என்னவென்றால், மூட்டுகளில் தேய்மானம் சேரச் சேரப் பின்சில்லு இடமும் வலமும் ஒரேயளவாகப் பிடிக்காது. அடிக்கடி கீழே படுத்து இறுக்கவேண்டும். நண்பர் ஒருவரின் டெவனுக்கு அடியில் நானும் படுத்திருக்கிறேன். கஷ்டமான வேலை இல்லை, அலுப்பான வேலை.

சோமசெற்றில் நான்கு சில்லுக்கும் எண்ணெய்தான்.

15 பெப்ரவரி 2018

பாரம் கூட என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம்.

டெவனுக்கு அடியில் பெட்டி வடிவ இரும்பில் செய்த, குறுக்குச் சட்டம் போட்ட கனமான சேஸிஸ் இருக்கிறது. உடம்பு அதன்மேல் ஏற்றி வைத்தது. இங்கிலாந்தின் தார்த் தெருவுக்கு இவ்வளவு இரும்பு தேவையில்லை. ஆனால் டெவன் இங்கிலாந்துக்காக மட்டும் செய்த கார் அல்ல.

1947-ல் பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. அமெரிக்கக் கடன், உணவுப் பங்கீடு, பெற்றோல் பங்கீடு. கார்க் கம்பனிகளுக்கு உருக்கு எவ்வளவு என்பதை அரசாங்கம்தான் தீர்மானித்தது. எவ்வளவு ஏற்றுமதி செய்கிறாயோ அவ்வளவு உருக்கு. உள்ளூர்க்காரர் காசை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பங்கீட்டில் கார் கிடைத்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அதை விற்கமாட்டேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும், ஏனென்றால் பழைய கார் புதியதை விட விலை போனது. கொள்வனவு வரி வேறு, சாதாரணக் காருக்கே விலையில் மூன்றில் ஒரு பங்கு. 1951-ல் அது இரண்டு மடங்கானது.

1950 வரும்போது உலகிலேயே அதிகம் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியா. செய்த கார்களில் ஏறக்குறைய முக்கால்வாசி கப்பலேறியது. ஒஸ்ரினின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையின் தலைவர் லெனார்ட் லோர்ட் அமெரிக்காவைக் குறிவைத்து முதலில் இறங்கியவர்களில் ஒருவர். 1949 செப்ரெம்பரில் பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80-க்கு இறக்கப்பட்டது, அதனால் அங்கே விலையும் குறைந்தது. டெவன் மட்டும் 2,73,000-க்கு மேல் செய்தார்கள். டோர்செற் கிட்டத்தட்ட 16,000. போருக்குப் பிந்தைய ஒரு புது மொடலுக்கு அது மிகப்பெரிய தொகை.

இப்போது அந்தச் சேஸிஸை மறுபடி பாருங்கள். அவுஸ்திரேலியாவின் செம்மண் தெரு, ஆபிரிக்காவின் கிறவல் தெரு, இலங்கையின் குண்டும் குழியும். இறக்குமதி செய்கிறவர்கள் சிலர் சேஸிஸை மட்டும் எடுத்துத் தங்கள் ஊரில் உடம்பு கட்டினார்கள். தனிச் சேஸிஸ் இருந்ததால் அதே அடித்தளத்தில் வானும் பிக்கப்பும் வந்தன. உடம்பு உக்கினாலும் வெட்டி ஒட்டலாம், வண்டி நேராக நிற்கும். மைனரில் அடிப்பலகை உக்கினால் காரே வளையும். லோங்பிரிட்ஜ்காரர்களுக்கு நவீனமாகச் செய்யத் தெரியாமல் இல்லை. 1951-ல் ஏ30-ஐத் தனிச் சேஸிஸ் இல்லாமல் செய்தவர்களும் அவர்கள்தான். ஏ40 எங்கே ஓடப்போகிறது, யார் அதைத் திருத்தப்போகிறார் என்று யோசித்துப் போட்ட இரும்பு அது. அதைக் குறையென்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

16 பெப்ரவரி 2018

வேகத்துக்கும் ஒரு வார்த்தை. உச்ச வேகம் எழுபது மைல் அளவு. நின்ற இடத்திலிருந்து அறுபது மைலைத் தொட அரை நிமிடத்துக்கு மேல். உண்மை. அந்த வருடங்களில் அந்த விலைக்கு வந்த கார்களில் இதைவிட விரைவாக ஓடியவை எத்தனை என்று பாருங்கள். மைனரின் சைட்வால்வ் அறுபது மைலைத் தாண்டவே மூச்சு வாங்கும்.

21 பெப்ரவரி 2018

மேலே எழுதியதில் ஒன்றை விரிக்க வேண்டும்: ஏன் அந்த என்ஜின் அப்படி இழுக்கிறது.

சிலிண்டரின் குறுக்களவு 65.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 89. ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். காரணம் வரி. அந்நாளைய பிரித்தானிய வாகன வரி என்ஜினின் உண்மையான வலுவைப் பார்க்கவில்லை, சிலிண்டரின் குறுக்களவை மட்டும் பார்த்தது. மில்லிமீற்றரில் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 1613-ஆல் வகுத்தால் வரிக்குரிய குதிரைவலு. ஏ40-க்குப் போட்டுப் பாருங்கள், 10.6 சொச்சம் வரும். பழைய ஒஸ்ரின் ரென் காரை (வரிக்குப் பத்துக் குதிரைவலு) வாங்கிய அதே மனிதனுக்குத்தான் இதை விற்க நினைத்தார்கள். குறுக்களவைக் கூட்டினால் வரி கூடும், அதனால் எல்லாரும் நீளத்தைக் கூட்டினார்கள். 1947-லேயே புதிய கார்களுக்கு அந்த வரி போய், 1948 ஜனவரியிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே 10 பவுண் ஆனது. டெவன் வெளிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என்ஜின் அதற்கு முன்பே வரைந்து முடிந்துவிட்டது.

வரியால் வந்த குணம், ஆனால் ஓட்டுகிறவனுக்கு அது இனிப்பு. பீக் டிஸ்ரிக்ற் ஏற்றங்களில் நான் கியர் இறக்காமல் மூன்றாவதிலேயே ஏறிவிடுவேன். என்ஜின் அவசரப்படாது. நான்காவது கியரில் இருபது மைலுக்குக் கீழே இறங்கினாலும் துள்ளாமல் மறுபடி இழுக்கும். நாள் முழுக்க ஐம்பதில் போனால் மட்டும் அதற்குப் பிடிக்காது. நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் அதிக தூரம் ஓடவேண்டும், சூடு ஏறும், ஒயில் குடிக்கும். நாற்பத்தைந்தில் விட்டால் பெற்றோலும் மிச்சம், காதுக்கும் நிம்மதி.

26 பெப்ரவரி 2018

யாழ்ப்பாணத்து ஏ40 பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1990-க்குப் பின்னால் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில் விற்றார்கள், விலை கேட்கமுடியாது. பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. புதிய ஜப்பான் கார்கள் கராச்சில் கட்டையில் ஏறின. ஓடியவை பழையவை: ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். ஓடியது மண்ணெண்ணெயில்.

எங்கள் சின்னமாமா பருத்தித்துறைத் தெருவில் சோமசெற் ஒன்றை ஹயருக்கு ஓட்டினார். காலையில் பொனெற்றைத் தூக்கி, எயர் கிளீனரைக் கழற்றி, சின்னப் பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து ஒரு வாய்ப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் பீய்ச்சுவார். பிறகு முன்னால் போய் ஸ்ராட்டிங் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவார். பற்றரி இல்லாத காரை அப்படித்தான் எழுப்பவேண்டும். என்ஜின் பிடித்ததும் இன்னும் கொஞ்சம் பீய்ச்சிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார். வெள்ளைப் புகை வீடு முழுக்க நிறையும், அம்மம்மா இருமுவா. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போவதும் அந்தக் கார்தான், சாவீட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போவதும் அதுதான். முன்சீற் ஒரே நீள வாங்கு, கியர்த்தடி ஸ்ரியறிங்கோடு ஒட்டியிருந்ததால் கீழே இடம் மிச்சம். சாரதியோடு முன்னால் நான்கு பேர் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்தக் கார்கள் மண்ணெண்ணெய் குடித்தன, புதியவை குடிக்கவில்லை? உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகு 1953 வரையும் பிரித்தானியாவில் விற்றது "பூல்" என்ற ஒரே தரப் பெற்றோல், மட்டமானது. ஏ40 என்ஜினின் அமுக்க விகிதம் (எரிகலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) ஏழுக்குச் சற்று மேல், அந்த மட்டப் பெற்றோலில் நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டாமல் ஓடுவதற்காக அமைத்தது. மண்ணெண்ணெய் அதைவிட மட்டம், ஆனால் அமுக்கம் குறைந்த என்ஜின் சமாளிக்கும். புதிய என்ஜின் தட்டித் தட்டியே பிஸ்டனை உடைத்துக்கொள்ளும். லோங்பிரிட்ஜில் வரைந்தவர்கள் பருத்தித்துறைத் தெருவை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நல்ல எண்ணெய் கிடைக்காத இடத்திலும் ஓடவேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டும் பெரிய தூரம் இல்லை.

27 பெப்ரவரி 2018

என்ஜின் கெடாதா என்றால், கெடும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயிலின் மட்டம் குறையாமல் ஏறுகிறதென்றால் அதுதான் அறிகுறி. சின்னமாமா ஒயில் அளக்கிற டிப்ஸ்ரிக்கை எடுத்து விரலில் தேய்த்து மணந்து பார்ப்பார். தண்ணீராக ஓடினால் அன்றைக்கே ஒயில் மாற்றவேண்டும், ஒயிலும் கிடைக்காத காலத்தில் அது ஒரு தலையிடி. பேரிங் தேய்ந்தது, வால்வில் கரி படிந்தது. கரியை வீட்டு முற்றத்திலேயே சிலிண்டர் தலையைக் கழற்றிச் சுரண்டினார்கள். அதைக் கழற்றப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், நட்டுக் கழற்றுகிற சாவிகள் போதும்.

5 மார்ச் 2018

இந்தியாவில் ஏ40 வந்ததா என்ற கேள்விக்கு: வந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் செய்த முதல் வேலையே ஏ40-ஐப் பகுதி பகுதியாக இறக்கிப் பூட்டுவதுதான். ரகுநந்தன் சரண் தொடங்கிய கம்பனி. 1949-ல் முதல் கார் வெளியே வந்தது. சில வருடத்தில் லேலண்ட் லொறிப் பக்கம் திரும்பி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

நிசானும் இந்தக் காரில்தான் பிரித்தானியத் தொழில்நுட்பம் படித்தது. 1952 முடிவில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம், அடுத்த வருடம் ஜப்பானில் சோமசெற் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு ஏ50 கேம்பிரிட்ஜ், அதன் பாகங்களைப் படிப்படியாக ஜப்பானிலேயே செய்துகொண்டார்கள். பகுதி பகுதியாக அனுப்பி வேறு நாட்டில் புதிதாகப் பழகுகிறவர்கள் பூட்டவேண்டுமானால் கார் எளிமையாக இருக்கவேண்டும். பாரமான சேஸிஸ், மேலே வைத்துப் போல்ற் பண்ணும் உடம்பு. முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அந்த 1200 சிசி என்ஜினின் வழியில் வந்ததுதான் பி.எம்.சியின் பி வரிசை என்ஜின். அதன் 1489 சிசி மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவின் அம்பாசடருக்குப் போனது. எம்ஜிபி விளையாட்டுக் காரில் 1800 சிசியாகப் பெருத்தது. தகரம் என்று சொல்கிற காரின் சந்ததி இது.

6 மார்ச் 2018

விளையாட்டுக் கார் என்றதும் நினைவு வந்தது. ஏ40 ஸ்போர்ட்ஸ் என்று ஒன்று இருந்தது, உடம்பைக் கட்டியவர்கள் ஜென்சன் கம்பனி. ஒஸ்ரினின் விளம்பரப் பொறுப்பாளர் அலன் ஹெஸ் 1951-ல் அதில் உலகத்தைச் சுற்றினார். முப்பது நாளில் முடிப்பதாக லெனார்ட் லோர்டோடு பந்தயம், இருபத்தொரு நாளில் முடித்தார். கடல்களை விமானத்தில் தாண்டினார்கள்.

19 மார்ச் 2018

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு இணையும். இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. போன மாதம் சோமசெற்றை ஒரு கராச்சில் விட்டேன். அங்கே வேலை செய்த பிள்ளை புதிய காரை நினைத்து மாற்றிப் பூட்டிவிட்டான். டைனமோவின் காந்தத் திசை குழம்பி, சார்ஜ் ஏறாமல், வீட்டுக்கு வருமுன் லைற் மங்கி நின்றது. நல்லவேளை, பகல் முழுதாகப் போகவில்லை. டைனமோவைத் திரும்பச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவரலாம், ஒரு வயரைச் சிறிது நேரம் தொட்டுப் பிடித்தால் போதும். ஆனால் பின்னாளில் யாராவது ரேடியோ பூட்டியிருந்தால் அது போய்விடும். பற்றரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டிவிட்டேன்.

2 ஏப்ரல் 2018

அமெரிக்கச் சட்டை என்ற சொல்லைப் பற்றி இத்தனை நாளும் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

டெவனில் அது உண்மை. ஒஸ்ரினின் வடிவமைப்பாளர் டிக் புர்சி, அமெரிக்கக் கார்களைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அமெரிக்கனுக்கு விற்கப்போகிற காரை அமெரிக்கன் கண்ணுக்கு ஏற்றபடி வரைவதில் என்ன பிழை? நீளமான அமெரிக்கக் காருக்குப் பொருந்துகிற வளைவைக் கட்டையான காரில் போட்டால் குண்டாகத் தெரியும், அதுதான் சிக்கல். டெவன் எனக்கு அதனால்தான் முழுதாகப் பிடிக்கவில்லை. முன்பக்கம் உயர்ந்து, கண்ணாடி சின்னதாக, யோசனையில் இருக்கிற முகம்.

1952 பெப்ரவரியில் வந்த சோமசெற் வேறு. உருண்டை கூடியது, ஆனால் அந்த உருண்டை முன்னிருந்து பின்வரை ஒரே மனதோடு ஓடுகிறது. முன்சில்லின் மேலிருந்து புறப்படுகிற கோடு கதவில் மெல்ல இறங்கிக் கரையும். பெரிய அண்ணன் ஏ70 ஹெரபோர்ட்டும் அதே முகச்சாயல். பொனெற்றின் நுனியில் பறக்கிற ஏ எழுத்து. கதவுத் தூணுக்குள்ளிருந்து எழும்புகிற மஞ்சள் திசைகாட்டிக் கை. அதைப் பார்த்தால் இப்போதும் தெருவில் பிள்ளைகள் நின்று சிரிக்கிறார்கள். மற்றக் கார்கள் அதைக் கவனிப்பதில்லை என்பதால் மின்னுகிற விளக்கும் பூட்டியிருக்கிறேன், கையைக் கழற்ற மனம் வரவில்லை.

மூன்று வருடத்துக்குள் 1,73,000 சோமசெற் செய்தார்கள். 1954-ல் கேம்பிரிட்ஜ் வந்தது, தனிச் சேஸிஸ் போய்விட்டது. நல்ல கார், ஆனால் எனக்கு அதில் அவ்வளவு ஒட்டவில்லை.

8 ஏப்ரல் 2018

கேள்வி கேட்டவர் இப்போது ஒரு சோமசெற் பார்க்கப் போகிறாராம். சந்தோசம். கவனிக்க வேண்டியவை:

வெளிப் பூச்சை விடுங்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டையும், முன்சில்லுக்குப் பின்னால் சேறு சேருகிற இடத்தையும், பின்பெட்டியின் தரையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே உக்கியிருந்தால் செலவு, ஆனால் பயமில்லை. சேஸிஸ் உக்கியிருந்தால் திரும்பி வாருங்கள்.

முன்சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சில்லு திரும்புகிற அச்சாணியான கிங்பின் தேய்ந்திருந்தால் டக் டக் என்று தெரியும். அதைப் புதுப்பிக்கலாம். ஆனால் அந்த முன்பக்கத்தில் கிறீஸ் வைக்கிற முலைகள் பல, கைவிட்ட காரில் எல்லாம் காய்ந்திருக்கும். எப்போது கடைசியாகக் கிறீஸ் வைத்தீர்கள் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். உடனே பதில் வந்தால் மிச்சத்தையும் பார்த்திருப்பார். யோசித்தால் ஐந்நூறு பவுண் குறைத்துக் கேளுங்கள்.